குற்றம் சாட்டுபவருக்கும் கடிகாரம் ஓடட்டும்: ஃபிடேவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் அவர்கள், நெறிமுறை மற்றும் ஒழுங்கு ஆணையத்தின் உறுப்பினர்கள்,
சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பு (ஃபிடே), லொசான், சுவிட்சர்லாந்து.

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம். சான்றைக் காட்டாமல் பொதுவெளியில் மோசடிக் குற்றம் சாட்டுபவர்களைப் பற்றியது இந்த மடல்.

உங்கள் பதிவேட்டில் டேனியல் நரோடிட்ஸ்கி என்ற பெயரைத் தேடினால் சில வரிகள் கிடைக்கும். நாடு அமெரிக்கா. பிறந்த ஆண்டு 1995. கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2013. உச்ச ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனை அளக்கும் புள்ளி, 2647; அதைத் தொட்டது 2017-இல். இதை மட்டும் படிப்பவர், ‘வலுவான ஆட்டக்காரர், ஆனால் உச்சிக்குப் போகாதவர்’ என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அவர் மீது தவறில்லை. ரேட்டிங் பட்டியலில் ஆசிரியர் என்று எழுத இடமே கிடையாது.

2025 அக்டோபர் 19 அன்று, தன் 29-ஆம் வயதில், வட கரோலினாவின் சார்லட் நகரில் அவர் இறந்தார். செய்தி கேட்டு உலகெங்கும் துக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அவரை நேரில் பார்த்தவர்கள் அல்லர். அவருடைய காணொளிகளைப் பார்த்து ஆட்டம் கற்றவர்கள். நானும் அப்படித்தான். தென் தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் நான். பட்டம் எதுவும் கிடையாது. ரேட்டிங் உண்டு, ஆனால் சபையில் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. ஆகவே ஆட்ட நுணுக்கம் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆசிரியத் தொழில் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல முடியும்.

அவர் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோவியத் ஒன்றியத்திலிருந்து குடிபெயர்ந்த யூதப் பெற்றோருக்குக் கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோவில் பிறந்தவர். ஆறு வயதில் அண்ணன் சொல்லிக்கொடுத்துக் காய் நகர்த்தப் பழகினார். 2007-இல் துருக்கியில் நடந்த போட்டியில் 12 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டத்தை வென்றார். 2010-இல், பதினான்கு வயதில், நிலைசார் ஆட்டம் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்த வயதில் பிள்ளை ஒரு சதுரங்கப் புத்தகத்தை முழுதாகப் படித்து முடித்தாலே எங்கள் ஊரில் பெற்றோர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார்கள். இரண்டாண்டு கழித்து, சிக்கலான இறுதிக்கட்டங்கள் பற்றி இன்னொரு புத்தகம் எழுதினார். 2013-இல் அமெரிக்க ஜூனியர் பட்டமும் கிராண்ட்மாஸ்டர் பட்டமும் சேர்ந்து வந்தன. பிறகு ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து 2019-இல் வரலாற்றில் பட்டம் பெற்றார்.

அந்த இடத்தில்தான் பாதை பிரிகிறது. 2600-ஐத் தாண்டிய ஒருவர் முழுநேர ஆட்டக்காரராக வாழ முயன்றால் விமான டிக்கெட், அறை வாடகை, நுழைவுக் கட்டணம் போக எவ்வளவு மிஞ்சும் என்பது உங்களுக்குத் தெரியும். மேல்வரிசையில் இருக்கும் சிலருக்குத்தான் பரிசுப் பணம் வருமானம். மற்றவர்களுக்கு அது லாட்டரி. நரோடிட்ஸ்கி 2020-இல் சார்லட்டுக்குக் குடிபோனார். அங்குள்ள சதுரங்க மையத்தின் கிராண்ட்மாஸ்டராகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். யூடியூபிலும் ட்விட்ச் என்ற நேரலைத் தளத்திலும் உலகத்துக்கே பாடம் எடுத்தார். பெரிய போட்டிகளுக்கு வர்ணனை செய்தார். நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்குப் புதிர்கள் எழுதினார்.

ஆட்டத்திலிருந்து ஆசிரியத் தொழிலுக்கு வந்தவர்கள் எங்களுக்குப் புதியவர்கள் அல்லர். சென்னையில் ஆர்.பி. ரமேஷ் இருக்கிறார். 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியன், 2003-இல் கிராண்ட்மாஸ்டர், 2007-இல் காமன்வெல்த் சாம்பியன். இன்னும் பத்தாண்டு ஆடியிருக்கலாம். அதை விட்டுவிட்டு மனைவி ஆர்த்தியோடு 2008-இல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் வளர்ந்தது அங்கேதான். ஆனால் இரண்டு ஆசிரியர்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு, இந்த மடலின் கவலை அதைப் பற்றியது. பள்ளி நடத்தும் ஆசிரியர் தான் ஆடுவதை நிறுத்திவிடலாம். மாணவன் ஜெயித்தால் போதும், அவர் பெயர் நிற்கும். இணையத்தில் கற்பிப்பவர் அப்படி நிறுத்த முடியாது. அவர் ஆடும் ஆட்டமே அவர் நடத்தும் பாடம். ஆயிரக்கணக்கானோர் பார்க்க, மூன்று நிமிடக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நாள்தோறும் அவர் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் பதிவாகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கூறுபோடலாம்.

நரோடிட்ஸ்கியின் பாடத்தைப் பார்த்திராத உறுப்பினர் யாரேனும் ஆணையத்தில் இருக்கலாம், அவருக்காக இது. ‘ஸ்பீட்ரன்’ என்று ஒரு வகை உண்டு. வலுவான ஆட்டக்காரர் புதிய கணக்கு ஒன்றைத் திறந்து, கற்றுக்குட்டிகளோடு ஆடத் தொடங்கி, படிப்படியாக மாஸ்டர்கள் வரை ஏறிப்போவார். பலரும் இதைச் செய்கிறார்கள், பெரும்பாலும் அது வேடிக்கை காட்டும் வேலை. நூற்றுக்கணக்கான புள்ளி குறைந்தவரை நொறுக்குவதில் பார்ப்பவருக்குச் சிரிப்பு கிடைக்கும், பாடம் கிடைக்காது. இவர் அதைப் பள்ளிக்கூடமாக்கினார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வாய்விட்டு யோசித்தார். கணினி சொல்லும் ஆகச் சிறந்த நகர்த்தலைத் தேடி ஓடாமல், அந்த ரேட்டிங்கில் இருக்கும் ஒருவருக்குப் புரியக்கூடிய, நாளை அவரே ஆடக்கூடிய நகர்த்தலைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று விளக்கினார். எதிராளி தொடக்கத்திலேயே ராணியை வெளியே இழுத்துக்கொண்டு வந்து அவசர அவசரமாக மேட் வைக்கப் பார்த்தால் அவரைக் கேலி செய்ய மாட்டார். அந்த நிலையில் இருப்பவருக்கு அந்த ஆசை ஏன் வருகிறது, அதை எப்படி அமைதியாக எதிர்கொள்வது என்று இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பாடம் சொல்வார். ஆட்டம் முடிந்ததும் முதல் நகர்த்தலுக்குத் திரும்பிப் போவார். எங்கே தவறாகக் கணித்தேன், எதைப் பார்க்கத் தவறினேன் என்று தன் பிழையையும் எடுத்துப்போடுவார்.

என் வகுப்பில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. நடு ஆட்டம் வரை புலி. யானை மட்டும் மிஞ்சும் இறுதிக்கட்டம் வந்ததும் கை நடுங்கிவிடும். ஒற்றைச் சிப்பாயைக் காப்பாற்றுவதற்காக யானையைப் பின்னுக்கு இழுத்து அதன் பக்கத்திலேயே காவலுக்கு நிறுத்திவிடுவாள். ராஜா ஒரு மூலையில், யானை ஒரு மூலையில். பிறகு எதிராளி வைத்ததுதான் சட்டம். நானும் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் நரோடிட்ஸ்கியின் காணொளி ஒன்றை என் கைபேசியில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அவர் பேசிய ஆங்கிலம் அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆனால் பலகையில் அவர் இழுத்த அம்புக்குறிகள் பிடிபட்டன: யானை முன்னேறி எதிராளியின் சிப்பாய்களுக்குப் பின்னால் போகிறது, தன் சிப்பாய் விழுந்தாலும் விழட்டும் என்று விடுகிறார், எதிராளியின் யானைதான் இப்போது காவல்காரன் ஆகிறது. மூன்றாவது முறை பார்த்தபோது அவளே சொன்னாள்: ‘சிப்பாய் போனால் போகட்டும் சார், யானை சும்மா நிற்கக் கூடாது.’ என் வாயால் பலமுறை கேட்ட அதே விதிதான். அவர் யோசிப்பதைப் பார்த்த பிறகுதான் அது அவளுக்குச் சொந்தமானது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இப்படிக் கற்பிப்பவர் தன் தலைக்குள் நடப்பதை முழுக்க வெளியே கொட்டிவிடுகிறார். எந்த நகர்த்தலை முதலில் நினைத்தார், எதை ஒதுக்கினார், எந்த இடத்தில் தடுமாறினார் என்பதெல்லாம் குரலாகப் பதிவாகிவிடுகிறது. திரைக்குப் பின்னால் கணினியைக் கேட்டு ஆடுகிறவன், உலகத்தில் உள்ள எல்லா வேலைகளையும் விட்டுவிட்டு இந்த வேலையை ஏன் தேர்ந்தெடுக்கிறான்?

ஆனாலும் அவர் மீதுதான் சந்தேகம் வீசப்பட்டது. 2024 அக்டோபரிலிருந்து முன்னாள் உலகச் சாம்பியன் ஒருவர், நரோடிட்ஸ்கியின் இணைய ஆட்டங்கள் பற்றிப் பொதுவெளியில் திரும்பத் திரும்பக் கேள்வி எழுப்பினார். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும், படிப்பவர்களுக்கும் தெரியும். பொதுவெளியில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதை நிறுத்துங்கள் என்று கேட்க வந்த மடலில் நானே அதைச் செய்வது முறையாகாது. நரோடிட்ஸ்கி குற்றச்சாட்டை மறுத்தார். அவர் ஏமாற்றினார் என்று எந்த அமைப்பும் கண்டறியவில்லை. அவர் மரணத்துக்குக் காரணம் இன்னதென்று தீர்ப்புச் சொல்ல நான் மருத்துவனும் அல்லன், போலீஸும் அல்லன். அந்தப் பக்கம் இந்த மடல் போகாது. ஒன்றை மட்டும் சொல்லலாம், ஏனெனில் அவரே சொன்னார். தான் நன்றாக ஆடத் தொடங்கினாலே மக்கள் தப்பான நோக்கத்தைத்தான் நினைக்கிறார்கள் என்று, அந்தக் குற்றச்சாட்டுகளைக் குறிப்பிட்டே, தன் கடைசி நேரலையில் பேசினார்.

ஓர் ஆசிரியர் இருக்கும் நிலையில் இருந்து இதை நினைத்துப் பாருங்கள். நன்றாக ஆடினால் சந்தேகம். சுமாராக ஆடினால், ‘பார்த்தீர்களா, இப்போது கண்காணிக்கிறார்கள் என்றதும் தரம் இறங்கிவிட்டது’ என்பார்கள். ஆட்டக்காரராக மட்டும் இருந்தால் கொஞ்ச காலம் ஒதுங்கியிருக்கலாம். தினமும் ஆடிக் காட்டுவதே பிழைப்பு என்று ஆனவர் எங்கே ஒதுங்குவது?

இந்தக் குற்றச்சாட்டுகளின் கணக்கு எப்படிப்பட்டது என்பதையும் பேச வேண்டும், ஏனென்றால் கணக்கு என்ற போர்வையில்தான் அவை வருகின்றன. 2023-இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா இணையத்தில் 46 பிளிட்ஸ் (சில நிமிடங்களில் முடியும் அதிவேக) ஆட்டங்களில் 45.5 புள்ளி எடுத்தார். உடனே அது ‘சுவாரசியமான’ விஷயமாகச் சுட்டிக்காட்டப்பட்டது. அவர் ஆடிய இணையத்தளமும் ஆராய்ந்து, அவ்வளவு ஆட்டங்கள் ஆடுபவருக்கு இப்படிப்பட்ட தொடர் வெற்றிகள் எதிர்பார்க்கத்தக்கவையே என்று சொல்லிவிட்டது. உங்கள் ரேட்டிங் அட்டவணையே இதற்குச் சாட்சி. 300 புள்ளி வித்தியாசம் என்றால் வலியவர் நூற்றுக்கு 85 எடுக்க வேண்டும் என்கிறது அது. வித்தியாசம் கூடக்கூட அந்த எண்ணும் கூடும். இந்த விகிதத்தில் ஒருவர் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடினால் நீண்ட வெற்றித் தொடர்கள் வராமல் போனால்தான் விசாரிக்க வேண்டும். ஒருவருடைய ஆட்டங்கள் முழுவதையும் முன்னால் பரப்பிவைத்துக்கொண்டு, அதில் பளிச்சென்று தெரியும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, ‘இது நடக்க எத்தனை கோடியில் ஒரு வாய்ப்பு’ என்று கேட்பது புள்ளியியல் ஆகாது.

மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, நடுவர் பார்க்க, அவர் எப்படி ஆடினார்? 2024 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த உங்கள் உலக பிளிட்ஸ் போட்டியின் சுவிஸ் முறை முதற்கட்டச் சுற்றுகளில் 13-க்கு 9.5 எடுத்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். சமப்புள்ளி எடுத்தவர்களைத் தரம்பிரிக்கும் டைபிரேக் கணக்கில்தான், அடுத்த கட்டமான நாக்கவுட்டுக்குப் போகும் வாய்ப்பு நழுவியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க தேசிய பிளிட்ஸ் போட்டியில் 14-க்கு 14 எடுத்துப் பட்டம் வென்றார். அதையும் யாராவது ‘வழக்கத்துக்கு மாறான வரிசை’ என்று பட்டியலில் சேர்த்தார்களோ என்னவோ.

நான் ஏமாற்றுக்காரர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. இணையத்தில் ஏமாற்றுகிறார்கள், பிள்ளைகளும் ஏமாற்றுகிறார்கள், என் வகுப்பிலும் பிடித்திருக்கிறேன். நேரடிப் போட்டியிலும் நடக்கிறது. 2019 ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்க்கில் இகோர்ஸ் ரௌசிஸ் கழிப்பறையில் கைபேசியோடு மாட்டினார். நீங்கள் விசாரித்தீர்கள், கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பறித்தீர்கள், ஆறு ஆண்டுகள் தடை விதித்தீர்கள். யாரும் குறை சொல்லவில்லை. சான்று இருந்தது, விசாரணை நடந்தது, தண்டனை வந்தது. அந்த வழி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் என் வாதம். அந்த வழியில் போகாமல் சுவரேறிக் குதிப்பவரை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

‘இணைய ஆட்டம் எங்கள் எல்லைக்கு வெளியே’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2020-இல் கொரோனா வந்து அரங்குகள் மூடியபோது இணையத்திலேயே ஒலிம்பியாட் நடத்தியவர்கள் நீங்கள். இறுதிச் சுற்றில் உலகளாவிய இணையக் கோளாறால் இந்திய வீரர்களின் இணைப்பு அறுந்ததும், இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தது உங்கள் தலைவர்தான். எங்கள் வீட்டிலும் அன்று கொண்டாடினோம். வெற்றிக்கோப்பை கொடுக்க இணையம் உங்கள் எல்லைக்குள் இருந்தது என்றால், மானம் காக்கவும் இருக்க வேண்டும்.

விதியும் இருக்கிறது. தெளிவாகவே ஆதாரமற்ற மோசடிக் குற்றச்சாட்டு ஒரு குற்றம் என்று உங்கள் விதித்தொகுப்பே சொல்கிறது. 2015-இல் ஜார்ஜியாவின் சக்வியில் நடந்த ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஷிப்பில் ருமேனியாவின் மிஹேலா சண்டு நன்றாக ஆடியதே குற்றமாகிப் போனது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே சக வீராங்கனைகள் கையெழுத்திட்ட கடிதம் சுற்றியது. பிறகு உங்கள் நெறிமுறை ஆணையம் குற்றம் சாட்டியவர்கள் பக்கம் திரும்பி அவர்களைக் கண்டித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் போட்டியில் சண்டு இழந்த நிம்மதியை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தந்திருக்காது.

அடுத்தது 2022 செப்டம்பர். சிங்க்ஃபீல்ட் கோப்பையில் அமெரிக்க இளைஞர் ஹான்ஸ் நீமனிடம் தோற்றதும், அப்போதைய உலகச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன், நீமன் ஏமாற்றினாரோ என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிட்டுப் போட்டியை விட்டு விலகினார். உலகமே தலைகால் புரியாமல் பேசியது. உங்கள் ஆணையத்தின் தீர்ப்பு 2023 டிசம்பரில் வந்தது: தகுந்த காரணமின்றி விலகியதற்கு 10,000 யூரோ அபராதம், மற்றக் குற்றச்சாட்டுகளில் குற்றமில்லை. தீர்ப்பின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. ஏறத்தாழ பதினைந்து மாதங்கள்! அதற்குள் ஊர் வாய் தன் தீர்ப்பை எழுதி முடித்து, அச்சடித்து, விற்றும் தீர்த்துவிட்டது.

2025-இன் நடுவில் செக் நாட்டு கிராண்ட்மாஸ்டர் டேவிட் நவாரா, இதே வகைச் சந்தேகப் பேச்சு தன்னை எவ்வளவு வதைத்தது என்று வெளிப்படையாக எழுதினார். சதுரங்க உலகில் அவரளவுக்குக் கண்ணியமானவர் என்று பெயர் வாங்கியவர்கள் குறைவு. அவர் அப்படி எழுதியதே உங்களுக்கு எச்சரிக்கை மணியாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் வருத்தம் தெரிவித்தீர்கள். சில மாதங்கள் கழித்து நரோடிட்ஸ்கி இல்லை. அதன் பிறகு, 2025 நவம்பரில், உங்கள் நிர்வாகமே அந்த முன்னாள் சாம்பியன் மீது ஆணையத்தில் முறைப்படி புகார் தாக்கல் செய்தது. அந்தப் புகாரை வரவேற்கிறேன். அதன் முடிவு எப்படி வந்தாலும் ஏற்றுக்கொள்வேன், ஏனென்றால் அது விசாரித்து வரும் முடிவு. நான் கேட்பது ஒன்றுதான்: அந்தக் காகிதத்தை எழுதுவதற்கு ஒருவர் இறக்கும் வரை ஏன் காத்திருந்தீர்கள்?

நான் ஊகிக்கும் பதில், பாதிக்கப்பட்டவர் புகார் தரட்டும் என்ற பழக்கம். அந்தப் பழக்கத்தின் கொடுமை என்ன என்று எனக்குத் தெரியும். ஊரடங்குக் காலத்தில் பிள்ளைகளுக்கான இணையப் போட்டி ஒன்றில் என் மாணவன் ஒருவன் எதிர்பாராத விதமாக மேலே வந்தான். அன்று மாலையே பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி: ‘இந்தப் பையன் ஆடுவது பையன் ஆடுவது மாதிரி இல்லையே.’ அவ்வளவுதான். ஆட்டம் எது, நகர்த்தல் எது என்று ஒன்றும் இல்லை. கீழே கட்டைவிரல் படங்கள் வரிசையாக விழுந்தன. போட்டி நடத்தியவரிடம் போய் விசாரியுங்கள் என்றேன். ‘எங்களுக்குப் புகார் எதுவும் வரவில்லையே, எதை விசாரிப்பது?’ என்றார். செய்தி போட்டவரிடம் புகார் கொடுங்கள் என்றேன். ‘நான் யார் பெயரையும் சொல்லவில்லையே, சும்மா ஒரு கேள்வி கேட்டேன்’ என்றார். பையனின் அப்பா லாரி ஓட்டுநர், யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் மகனைத்தான் கேட்டார்: ‘உண்மையைச் சொல், ஏதாவது செய்தாயா?’ அவன் அதன் பிறகு வகுப்புக்கு வரவில்லை. இப்போது பாட்மிண்டன் நன்றாக ஆடுகிறான் என்று கேள்விப்பட்டேன்.

‘சும்மா ஒரு கேள்வி கேட்டேன்.’ உலகச் சாம்பியன் மட்டத்திலிருந்து எங்கள் ஊர் வாட்ஸ்ஆப் குழு வரை இதே வாக்கியம்தான். மேலே இருப்பவர்கள் செய்யத் துணிவதைத்தான் கீழே இருப்பவர்கள் பழகுகிறார்கள். மேலே தட்டிக்கேட்கும் அதிகாரம் உங்களுடையது.

ஆகவே என் கோரிக்கை. சதுரங்கத்தில் ஒருவருக்கு மட்டும் கடிகாரம் ஓடுவதில்லை. குற்றச்சாட்டில் மட்டும் அப்படி ஓடுகிறது. பெயர் அடிபட்டவருக்கு அந்த நிமிடத்திலிருந்தே நேரம் கரைகிறது: மாணவர் குறைகிறார், ஒப்பந்தம் தள்ளிப்போகிறது, தூக்கம் போகிறது. குற்றம் சாட்டியவருக்கு அவசரமே இல்லை; அடுத்த வாரம் இன்னொரு வரைபடம் போடலாம். அவர் பக்கத்துக் கடிகாரத்தையும் ஓடவிடுங்கள்.

பட்டம் பெற்ற ஒருவர் இன்னொருவரைப் பெயர் சொல்லியோ, பெயர் சொல்லாமல் எல்லோருக்கும் புரியும்படியோ பொதுவெளியில் சந்தேகித்தால், குறித்த சில நாட்களுக்குள் தன்னிடம் உள்ள சான்று முழுவதையும் உங்கள் ஆணையத்திடம் ரகசியமாக ஒப்படைக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். ஒப்படைக்கவில்லை என்றால், பாதிக்கப்பட்டவர் வாயைத் திறக்கும் வரை காத்திராமல் ஆணையம் தானே வழக்கெடுக்க வேண்டும். சான்று வந்தால், பெரிய தளங்கள் தங்களிடம் உள்ள தரவைக் கொடுக்கும்படி அவற்றோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்டால் தராமல் இருக்க மாட்டார்கள், உங்களோடு சேர்ந்து போட்டி நடத்துகிறவர்கள்தானே. விசாரணைக்கும் ஒரு கெடு வேண்டும். பதினைந்து மாதம் என்பது கெடு ஆகாது. முடிவில் குற்றம் இல்லை என்று தெரிந்தால், அதைக் குற்றச்சாட்டு போன இடத்துக்கெல்லாம் போகும்படி உரக்கச் சொல்லுங்கள். ‘போதிய சான்று இல்லை’ என்று முனகாதீர்கள். அந்தச் சொற்களுக்குள் சந்தேகம் அப்படியே குடியிருக்கிறது.

தண்டனை பற்றி ஒரு சொல். அபராதம் பணக்கார ஆட்டக்காரருக்கு உறைக்காது. அழைப்பு வராமல் போவதுதான் உறைக்கும். உங்கள் போட்டிகள், உங்கள் விழா மேடைகள், உங்கள் கண்காட்சி ஆட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் சில காலம் விலக்கி வையுங்கள். முன்னாள் சாம்பியன் என்பதற்காகச் சலுகை வேண்டாம். அவர் சொல்லுக்குக் கனம் கூடுதல் என்பதால் பொறுப்பும் கூடுதல்.

இது பேச்சுரிமையைப் பறிப்பதாகாதா என்று கேட்பார்கள். மோசடி எவ்வளவு பரவியிருக்கிறது, தளங்கள் எவ்வளவு அலட்சியமாக இருக்கின்றன, உங்கள் ஆணையம் எவ்வளவு தூங்குகிறது என்று யாரும் எவ்வளவும் பேசட்டும். நானே இங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு தனி மனிதரின் பிழைப்பின் மீது கைவைக்கும்போது மட்டும் சான்றோடு வரவேண்டிய இடத்துக்கு வரட்டும்.

இன்னொன்றும் உண்டு, இதைவிடச் சிறியது. மூத்த பயிற்சியாளர், பயிற்சியாளர், பயிற்றுநர் என்று நீங்கள் படிப்படியாகப் பட்டங்கள் தருகிறீர்கள். மேற்படிகளுக்குப் போக, மாணவர்கள் வென்ற பதக்கங்களும் பெற்ற பட்டங்களும் கணக்கில் வரும். இணையத்தில் முகம் தெரியாத லட்சம் பேரைத் தொடக்கநிலையிலிருந்து தூக்கிவிட்டவருக்கு அந்தப் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. இப்படிக் கற்பிப்பதையும் தொழிலாக ஏற்றுப் பதிவு செய்யுங்கள். பதிவு இருந்தால்தான் பாதுகாப்பைப் பற்றிப் பேச முடியும்.

2026-இல் உஸ்பெகிஸ்தானில் ஒலிம்பியாட் நடக்கும்போது உங்கள் பொதுப்பேரவையும் கூடுகிறது. தேர்தல் ஆண்டு வேறு. வாக்கு கேட்டு எல்லா நாட்டுக் கூட்டமைப்புகளின் கதவையும் தட்டுவீர்கள். மேலே சொன்ன விதியை வரைவாக எழுதி அந்த நிகழ்ச்சிநிரலில் சேர்த்துவிடுங்கள். எங்கள் கூட்டமைப்பின் பிரதிநிதி அதற்கு ஆதரவாகக் கை தூக்க வேண்டும் என்று அவர்களுக்கும் இந்த மடலின் பிரதியை அனுப்பியிருக்கிறேன். எத்தனை நாள் கெடு, எந்த அளவு தண்டனை என்பதெல்லாம் உங்கள் வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வரைவு தயாரானதும் வெளியிடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு சிற்றூர்ச் சதுரங்க ஆசிரியன்

பிரதி: அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பு